பைக்கா, காரா? பெற்றோலை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

“தம்பி, உந்தக் காரை வித்துப்போட்டு உன்னைப் போல ஒரு பைக் எடுத்தால் மாதம் பத்தாயிரமாவது மிஞ்சும், என்ன?”

போயா தினம் ஒன்றில், கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தான் கேட்ட கேள்வி இது. அக்கா என் பெரியம்மாவின் மகள். அவர் அப்போது கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கும் கேட்டது. ஒன்றும் சொல்லவில்லை.

அத்தானிடம் பழைய அல்டோ ஒன்று இருக்கிறது. காலையில் அக்காவை ஏற்றிக்கொண்டு ஆமர் வீதி, மருதானை வழியாகப் பொரளைக்கு வருவார். அக்காவை அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, திரும்பி மருதானையில் தன் வேலைக்குப் போவார். நான் வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கிறேன். வாரத்தில் ஆறு நாள் பொரளைக்கு மோட்டார் சைக்கிளில் வருகிறேன். என் பயணமும் அவர்களுடைய பயணமும் போய்வர ஏறக்குறைய ஒரே தூரம், 14 கிலோமீற்றர்.

பொரளை என்ற பெயர் எங்கள் ஆட்களுக்குச் சும்மா ஒரு சந்தியின் பெயர் அல்ல. 1983 யூலையில் கனத்தை மயானத்தடியில் தொடங்கியது, அதே வாரம் வெலிக்கடைச் சிறைக்குள் நடந்தது எல்லாம் இந்தப் பெயரோடுதான் வீடுகளில் பேசப்படும். இன்று அதே சந்தியில் அக்காவும் நானும் சம்பளத்துக்கு வேலை செய்கிறோம். அந்தச் சம்பளத்தில் எவ்வளவு வீதியில் போகிறது என்பதுதான் அத்தானின் கேள்வி.

அவர் போட்ட கணக்கு எளிமையானது. காருக்கு மாதம் பெற்றோல் 15,000 ரூபா. எனக்கு 4,500. வித்தியாசம் 10,500. இந்தக் கணக்கு பிழை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எங்கே பிழை என்று உடனே சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதம் இருவரும் கொப்பியில் எழுதுவோம் என்றேன். எழுதினோம்.

என் கொப்பி

மாதம் 600 கிலோமீற்றர். இதில் 336 கிலோமீற்றர் வேலைக்குப் போய்வந்தது. மிச்சம் செய்தி சேகரிக்க ஓடியது. 92 ஒக்ரேன் பெற்றோல் 2025 இல் 300 ரூபாவை ஒட்டியே இருந்தது. கணக்கு இலகுவாக இருக்க 300 என்றே எடுத்தேன். கொழும்பு நெரிசலில் என் பைக் லீற்றருக்கு 40 கிலோமீற்றர் தருகிறது. 15 லீற்றர், 4,500 ரூபா.

அடுத்தது ஒயில். மூன்றரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒயிலும் கூலியும் 3,500, மாதத்துக்கு 1,000. ரயர், செயின், பிரேக் எல்லாம் சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் செலவு. பழைய பில்களைத் தேடி எடுத்து மாதத்துக்குப் பிரித்தால் 1,200. மூன்றாம் தரப்புக் காப்புறுதி, புகைப் பரிசோதனை, வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் ஆண்டுக்கு 7,200, மாதத்துக்கு 600. ஹெல்மெட், மழைக்கோட்டு 200.

மொத்தம் 7,500 ரூபா. கிலோமீற்றருக்கு 12 ரூபா 50 சதம். இதில் பெற்றோல் 60 வீதம்.

அத்தானின் கொப்பி

அவரும் மாதம் 600 கிலோமீற்றர்தான் ஓடுகிறார். மருதானையில் நிற்கிற நேரமெல்லாம் என்ஜின் குடித்துக்கொண்டே இருக்கும். லீற்றருக்கு 12 கிலோமீற்றருக்கு மேல் கிடைப்பதில்லை. 50 லீற்றர், 15,000 ரூபா.

ஆறு மாதத்துக்கு ஒரு சேர்விஸ், 18,000. மாதத்துக்கு 3,000. நான்கு ரயர், பற்றரி, பழைய வண்டி என்பதால் அடிக்கடி வரும் சில்லறைத் திருத்தங்கள் எல்லாம் சேர்த்து 5,000. முழுக் காப்புறுதி ஆண்டுக்கு 48,000, மாதத்துக்கு 4,000. அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் 500. வாகனத் தரிப்புக் கட்டணம் 4,000.

மொத்தம் 31,500 ரூபா. கிலோமீற்றருக்கு 52 ரூபா 50 சதம். இதில் பெற்றோல் பாதிக்கும் குறைவு.

அத்தான் தன் கொப்பியைப் பார்த்து நெற்றியில் கை வைத்தார். மாதம் பத்தாயிரம் மிஞ்சும் என்று நினைத்தவருக்கு, வித்தியாசம் 24,000 என்று வந்துவிட்டது. “அப்ப விக்கத்தானே வேணும்?” என்றார்.

நாங்கள் ஏன் பெற்றோலை மட்டும் எண்ணுகிறோம்

அத்தான் கணக்குத் தெரியாதவர் அல்ல. அவருக்கும் எனக்கும் வாகனம் என்றால் முதலில் பெற்றோல்தான் நினைவு வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் பெற்றோலும் இருந்தது. நான் வளர்ந்த கிளிநொச்சியில் அப்பாவின் மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார். அதில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் போத்தலைப் பிள்ளைகள் நாங்கள் தொடக்கூடாது. 2002 இல் ஏ9 திறந்த பிறகுதான் அவர் முழுத் தாங்கி பெற்றோலோடு ஓடியதைக் கண்டேன். 2006 இல் பாதை மூடியது. 2009 மே மாதம் அந்த பைக்கை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு நடந்தோம். அங்கே துருப்பிடித்துக் குவிந்து கிடந்த ஆயிரக்கணக்கான வாகனங்களில் அதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

கொழும்புக்கு வந்தும் அது விடவில்லை. 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த பெற்றோல், 2022 மே மாதம் 420 ஆகி, யூன் மாதம் 470 ஆனது. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று அறிவித்து மற்றவர்களுக்கு விநியோகத்தை நிறுத்தினார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது. வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். தெற்கில் பலருக்கு அது வாழ்க்கையில் முதல் தட்டுப்பாடு. எங்களுக்குப் பழைய பாடம் திரும்ப வந்தது போல இருந்தது.

அந்த அட்டையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. லீற்றரில் பார்த்தால் காருக்கு பைக்கைப் போல ஐந்து மடங்கு கிடைத்தது. தூரத்தில் பார்த்தால் என் 4 லீற்றர் 160 கிலோமீற்றர். அத்தானின் 20 லீற்றர் 240 கிலோமீற்றர். ஒன்றரை மடங்குதான். 2023 செப்ரெம்பரில் கியூஆர் முறை கைவிடப்பட்டது. ஆனால் விலை இன்றும் மாதம்தோறும் திருத்தப்படுகிறது. ஒரு லீற்றருக்கு 100 ரூபா கூடினால் என் செலவு மாதம் 1,500 ஆல் கூடும்; அத்தானின் செலவு 5,000 ஆல் கூடும். எரிபொருள் விலை ஏறும்போது பைக்காரர் சமாளிப்பதும் கார்க்காரர் தடுமாறுவதும் இதனால்தான்.

தட்டுப்பாட்டில் வளர்ந்தவர்கள் தட்டுப்பட்ட பொருளையே எண்ணுவார்கள். ஆனால் வாகனத்தின் செலவில் பெற்றோல் ஒரு பங்குதான். ரயரும் காப்புறுதியும் தரிப்புக் கட்டணமும் தனித்தனி நாளில் வருவதால், அவற்றை ஒன்றாகப் பார்க்க எங்களுக்குப் பழக்கமில்லை.

கொப்பியில் எழுதாத செலவு

என் 7,500 ரூபாக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை நானே சொல்லவேண்டும்.

கடந்த ஆண்டு மழை நாளொன்றில் பௌத்தாலோக்க மாவத்தையில் பைக் சறுக்கி விழுந்தேன். யாரும் மோதவில்லை. வலது மணிக்கட்டு முறிந்தது. அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் ஆறு வாரம் வேலை செய்யமுடியவில்லை. நான் சுதந்திர ஊடகவியலாளர். எழுதினால்தான் காசு, மருத்துவ விடுப்பு என்று ஒன்று இல்லை. மாதம் சராசரியாக 80,000 வரும் என்று வைத்தால், இழந்தது 120,000. பைக் திருத்த 18,000. மொத்தம் 138,000.

இந்த பைக்கை நான்கு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். 48 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 2,875. அதைச் சேர்த்தால் என் உண்மையான செலவு மாதம் 10,375, கிலோமீற்றருக்கு 17 ரூபாவுக்குச் சற்று மேல். அப்போதும் காரின் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் நான் விழுந்தது மெதுவாகப் போகும்போது. பின்னால் பஸ் வரவில்லை. இலங்கையில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதி விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் மோட்டார் சைக்கிளில் போனவர்களே மிகப் பெரிய தொகுதி.

பலருக்குத் தெரியாத ஒன்று: நாம் கட்டும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, நாம் மற்றவருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கானது. நம் கை முறிந்தால் அதற்கு அது வராது. ஓட்டுநரின் தனிநபர் விபத்துக் காப்பீட்டைத் தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும். ஒரே ஆளின் உழைப்பில் ஓடும் வீடுகள் எங்களில் அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் உழைப்பவர் பைக்கில் போகிறார் என்றால், இந்தக் காப்பீட்டைப் பெற்றோல் செலவோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

அக்காவின் கணக்கு

இரண்டு கொப்பிகளையும் மேசையில் வைத்துவிட்டு நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா வந்து இருந்தார்.

“நான் எதிலை போறது?” என்று கேட்டார்.

அக்காவுக்கு இடது கால் தொடைக்குக் கீழே இல்லை. 2009 இல் மாத்தளனில் செல் விழுந்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் காயக்காரரோடு திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். செயற்கைக் காலோடு படித்து முடித்து, கொழும்பில் வேலை எடுத்தார். கல்யாணத்துக்கு முதல் பஸ்ஸில்தான் போய்வந்தார். கொழும்பு பஸ்ஸின் உயர்ந்த படியும், ஏறி முடிப்பதற்குள் எடுக்கும் அவசரமும் தெரிந்தவர்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை. இரண்டு முறை விழுந்திருக்கிறார். பைக்கின் பின்னால் இருக்கலாம்தான். ஊர் ஒழுங்கையில் இருந்திருக்கிறார். ஆனால் நெரிசலில், மழையில், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அந்தக் கால் மிதியை விட்டு வழுகும். கால் வழுகியது அவருக்குத் தெரியவும் மாட்டாது.

ஆகவே காரை விற்றால் அவர் ஓட்டோவில் போகவேண்டும். நாளுக்கு 14 கிலோமீற்றர், 24 நாள், 336 கிலோமீற்றர். கிலோமீற்றருக்கு 100 ரூபாப்படி பார்த்தால் 33,600. அத்தானின் பைக் செலவு 7,500. இரண்டும் 41,100. கார் இருந்தால் 31,500.

அத்தான் விடவில்லை. “காரை வித்த காசை பாங்கிலை போட்டால் வட்டி வருமே?” அதுவும் நியாயமான கேள்வி. அந்தப் பழைய அல்டோ 18 இலட்சத்துக்குப் போகும் என்று வைப்போம். பாவித்த பைக் ஒன்றுக்கு 5 இலட்சம். மிஞ்சும் 13 இலட்சத்தை 8 வீத வட்டிக்கு வைத்தால் மாதம் ஏறக்குறைய 8,700. 41,100 இல் இருந்து அதைக் கழித்தால் 32,400. அதாவது எல்லாவற்றையும் விற்று, மாற்றி, அலைந்த பிறகும், இப்போது செலவழிப்பதைவிட 900 ரூபா கூட.

கிலோமீற்றருக்கு 12 ரூபா 50 சதம் செலவாகும் வாகனத்தைவிட 52 ரூபா 50 சதம் செலவாகும் வாகனம் அந்த வீட்டுக்கு மலிவு. இரண்டு கணக்கும் சரி. நானும் அத்தானும் முதலில் வாகனத்தின் செலவைக் கேட்டோம். ஒரு மாதத்தில் வீட்டில் யார் யாரை எங்கே கொண்டுபோகவேண்டும், அதற்கு எவ்வளவு என்று கேட்டிருக்கவேண்டும்.

உங்கள் வீட்டுக் கணக்குக்கு

எங்கள் தொகைகள் உங்களுக்குப் பொருந்தாது. முறை பொருந்தும்.

முதலில், ஒரு மாதம் தூரத்தை எழுதுங்கள். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் மீற்றரைப் பார்த்தால் போதும். போட்ட பெற்றோலை லீற்றரில் எழுதுங்கள். ரூபாவில் மட்டும் எழுதினால் விலை மாறும்போது ஒப்பிட முடியாது.

இரண்டாவது, ஆண்டுச் செலவுகளை 12 ஆல் பிரியுங்கள். ரயர், பற்றரி போன்றவற்றை அவை உழைக்கும் மாதங்களால் பிரியுங்கள். அந்தத் தொகையை மாதம்தோறும் எடுத்து வைத்தால், ரயர் மாற்றும் மாதத்தில் கடன் வாங்கத் தேவையில்லை.

மூன்றாவது, ஆட்களை எண்ணுங்கள். அத்தானின் கார் ஒருவரோடு ஓடினால் ஆளுக்குக் கிலோமீற்றருக்கு 52 ரூபா 50 சதம். நால்வரோடு ஓடினால் 13 ரூபா சொச்சம். அது நான் தனியாக பைக்கில் போகும் செலவுதான். ஒரே பக்கம் போகும் அயலவர் இருந்தால் பெற்றோலைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் சொந்தப் பாவனைக்கு என்று காப்புறுதி செய்த வாகனத்தில் கூலிக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். செலவைப் பகிர்வது அவர்களின் விதிக்குள் அடங்குமா என்று காப்புறுதி நிறுவனத்திடம் முதலிலேயே கேளுங்கள்.

நான்காவது, லீசிங். எங்கள் கணக்கில் மாதத் தவணை இல்லை. அத்தானின் கார் கடன் முடிந்தது. புதிதாக எடுப்பவர்களுக்கு அதுதான் மிகப் பெரிய செலவு. 20 இலட்சத்தை 15 வீத வட்டியில் ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 47,600. முடிவில் கட்டியிருப்பது 28 அரை இலட்சம். ஓட்டச் செலவையும் சேர்த்தால் மாதம் 79,000 தாண்டும். போர் முடிந்த கையோடு வடக்குக்கு வந்த லீசிங் கம்பனிகள் எத்தனை பைக்குகளைக் கொடுத்து, தவணை தவறியதும் எத்தனையைத் திருப்பி எடுத்தன என்பதை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். தவணை கட்டமுடியுமா என்று பார்க்கும்போது, வேலை இல்லாத ஒரு மாதத்திலும் கட்டமுடியுமா என்று பாருங்கள்.

இன்னொன்று. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை ஏறியது. வாகனம் வாங்கினால் நகை வாங்கியது போல என்று பலர் நம்பத் தொடங்கினார்கள். 2025 பெப்ரவரியில் தனிநபர் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டுவிட்டது. வாகனம் ஓட ஓடத் தேயும் பொருள். அதைச் சேமிப்பு என்று எண்ணிக் கடன் எடுக்கவேண்டாம்.

ஐந்தாவது, இரண்டுமே வேண்டுமா என்றும் கேளுங்கள். வெள்ளவத்தையில் இருந்து பொரளைக்கு 154 பஸ் நேராகப் போகிறது. அதில் போனால் என் பைக் செலவின் பாதிகூட வராது. இரவில் செய்திக்கு ஓடவேண்டியிருப்பதால்தான் நான் பைக்கை வைத்திருக்கிறேன். நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரும் வேலை என்றால், திடகாத்திரமான கால் இரண்டும் இருந்தால், பஸ்தான் மலிவு.

அத்தான் காரை விற்கவில்லை. அக்காவின் அலுவலகத்தில் வேலை செய்யும், கொட்டாஞ்சேனையிலேயே இருக்கும் இரண்டு பெண்கள் இப்போது அவர்களோடு வருகிறார்கள். காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற்றினார். ஆளுக்கு 3,500 ரூபா பெற்றோலுக்குக் கொடுக்கிறார்கள். மாதம் 7,000 ரூபா குறைந்தது.

நான் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்திருக்கிறேன். அதையும் கொப்பியில் எழுதவேண்டும் என்று அக்கா சொன்னார். எழுதியிருக்கிறேன்.